மடமும் மதிநுட்பமும்: வளரிளம் பருவப் பெண்ணின் அறிவுத்திறன் குறித்த இலக்கண, இலக்கிய, உளவியல் நோக்குகள்

முன்னுரை

பெண்ணின் அறிவு ஆணின் அறிவுக்கு நிகரானதா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் உளவியலாரின் ஆய்வுக்கூடத்தில் தோன்றியதன்று. தமிழிலக்கண மரபு அகத்திணை மாந்தர்க்குப் பண்புகளை வகுத்தபோதே இவ்வினாவைத் தொட்டுச் சென்றுள்ளது. நாற்பண்புகளுள் ஒன்றாகப் பின்னாளில் எண்ணப்பட்ட மடம், அறிவின்மை எனப் பொருள் கொள்ளப்பட்டுப் பாடநூல்களிலும் மேடைகளிலும் இன்றளவும் வழங்கி வருகிறது. மறுபுறம், பதினைந்து அல்லது பதினாறு வயதிற்குப் பின் ஆண்கள் பொது நுண்ணறிவில் பெண்களை விஞ்சிவிடுகின்றனர் என்னும் கருத்து அறிவியலின் பெயரால் முன்வைக்கப்பட்டுள்ளது. இவ்விரு கூற்றுகளும் வெவ்வேறு காலத்தன. வெவ்வேறு மொழியில் அமைந்தன. எனினும் இரண்டும் ஒரே பருவத்துப் பெண்ணைப் பற்றியே பேசுகின்றன. இலக்கண, இலக்கியச் சான்றுகளையும் நுண்ணறிவு அளவீட்டு வரலாற்றையும் ஒருங்கு வைத்து இக்கூற்றுகளின் வலிமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியத்தில் அறிவும் மடமும்

தொல்காப்பியக் களவியல் பெருமையையும் உரனையும் ஆண்மகனுக்கு உரியனவாகக் கூறுகிறது. அதனையடுத்து அச்சம், நாண், மடம் ஆகியவற்றைப் பெண்மகளுக்கு உரியனவாகக் கூறுகிறது. உரன் என்பதற்கு அறிவு என இளம்பூரணர் உரை காண்பார். இவ்விரு நூற்பாக்களை மட்டும் அருகருகே வைத்து நோக்குவோர், அறிவு ஆணுக்கும் அறியாமை பெண்ணுக்கும் பகுத்தளிக்கப்பட்டதாக முடிவு செய்வது இயல்பே. பெண்ணிய நோக்கில் எழுந்த திறனாய்வுகள் பலவும் இம்முடிவையே வழிமொழிந்துள்ளன.

ஆனால் தொல்காப்பியத்தின் பிற பகுதிகள் இம்முடிவுக்கு இடந்தருவதில்லை. பொருளியல், பெண்பாலுக்குரிய பண்புகளாகச் செறிவு, நிறைவு, செம்மை முதலியவற்றைத் தொகுக்குமிடத்து அறிவையும் உடன் வைத்து எண்ணுகிறது. மெய்ப்பாட்டியல், தலைவனும் தலைவியும் தம்முள் ஒத்திருக்க வேண்டிய பத்துக் கூறுகளுள் உணர்வையும் ஒன்றாகக் கொள்கிறது. அதன்பின், அவர்பால் இருத்தலாகாத குற்றங்களைக் கூறும்போது பேதைமை எனப் பொருள்படும் ஏழைமையையும் விலக்குகிறது. இவ்விலக்கு பெண்ணுக்கும் சேர்த்தே கூறப்பட்டது என்பது கருதத்தக்கது. மடம் என்பது அறிவின்மையே ஆயின், ஓரிடத்தில் பெண்ணுக்கு விதித்ததையே மற்றோரிடத்தில் அந்நூல் விலக்கியதாக முடியும். இம்முரணைத் தவிர்க்க வேண்டுமாயின் மடத்திற்கு வேறு பொருள் கொண்டாக வேண்டும்.

தோழியின் நிலையும் இங்கு நினைத்தற்குரியது. செவிலியின் மகளாகிய அவள் தலைவியோடு ஒத்த பருவத்தினள். ஆராய்ந்து சூழ்தலும் தலைவிக்கு உசாத்துணையாக விளங்குதலும் அவளுக்குச் சிறப்பெனக் களவியல் கூறும். தலைவனைச் சேட்படுத்தல், வரைவு கடாதல், அறத்தொடு நிற்றல் என அவள் ஆற்றும் செயல்கள் யாவும் சூழலைக் கணித்து, எதிராளியின் எண்ணத்தை ஊகித்து, சொல்லை அளந்து பயன்படுத்தும் திறனை வேண்டி நிற்பன. ஆகவே அகமரபு அப்பருவத்துப் பெண்ணின் மதிநுட்பத்தை மறுக்கவில்லை. அதனைத் தலைவியிடம் அடக்கி வைத்துத் தோழியிடம் வெளிப்படுத்தியது எனலாம்.

மடத்தின் மூன்று பொருள்கள்

மடம் என்னும் சொல்லுக்கு மூன்று வகையான விளக்கங்கள் வழக்கில் உள்ளன. பேதைமை என்பது முதலாவது. கொன்றைவேந்தன் பேதைமையைப் பெண்ணுக்கு அணியாகக் கூறுவது இதன் வளர்ச்சியே. அந்நூல் ஒளவையார் என்னும் பெண்பாற் புலவர் பெயரால் வழங்குவது, அக்கூற்றை அதன் ஆசிரியரைக் கொண்டே ஐயுறச் செய்கிறது. பிறர் அறிவிக்க ஏற்றுக்கொண்டு, ஏற்றதனை நெகிழவிடாது பற்றி நிற்றல் என்பது பழைய உரைமரபில் காணப்படும் இரண்டாவது விளக்கம். அறிந்திருந்தும் அறியாதார் போன்று ஒழுகுதல் என்பது மூன்றாவது.

இரண்டாவது விளக்கம் கற்கும் ஆற்றலையும் நினைவில் இருத்தும் ஆற்றலையும் குறிக்கின்றது. மூன்றாவது விளக்கம் அறிவு உளதாதலை முன்நிபந்தனையாகக் கொண்டுள்ளது. இல்லாத ஒன்றை மறைத்தல் எவர்க்கும் இயலாது. எனவே மூன்று பொருள்களுள் இரண்டு பெண்ணின் அறிவாற்றலை ஒப்புக்கொண்ட பின்னரே பொருந்துவனவாகும்.

இதனைக் கொண்டு மரபு பெண்ணறிவைப் போற்றியது என வாதிடுதலும் பொருந்தாது. உரைமரபின் விளக்கம் பெண்ணுக்கு ஏற்கும் அறிவைத் தருகிறது. வினவும் அறிவைத் தரவில்லை. பற்றியதை விடாமை சிறப்பெனின், பற்றியது பிழையெனக் கண்டவிடத்து அதனை விடுதல் குற்றமாகிவிடும். அறிந்ததை மறைத்தல் அழகெனின், வெளிப்படுத்துதல் இழுக்காகிவிடும். ஆகவே மடம் என்பது பெண்ணின் அறிவுத்திறன் எத்தகையது என்னும் கண்டுணர்வு அன்று. அத்திறன் எங்கு, எவ்வளவு தோன்றலாம் என்பதற்கு இடப்பட்ட வரம்பு. நடத்தைக்கு இடப்பட்ட வரம்பை இயற்கையின் அளவாக எடுத்துக்கொண்டமையே பிற்காலப் பொருள்கோளின் பிழை.

பருவப் பெயரும் அளவீட்டு வயதும்

பாட்டியல் நூல்களும் உலா இலக்கியமும் பெண்களை ஏழு பருவத்தினராக வகுக்கும். வயது வரையறை நூலுக்கு நூல் வேறுபடினும், பரவலாக வழங்கும் வகுப்பின்படி 5 முதல் 7 வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, 12, 13 மங்கை, 14 முதல் 19 வரை மடந்தை எனக் கொள்வர். இன்று வளரிளம் பருவம் எனப்படும் ஆண்டுகளின் பெரும்பகுதி மடந்தைப் பருவத்துள் அடங்குகிறது. மடப்பம் உடையவள் என அப்பெயர்க்குப் பொருள் கூறுவதும் வழக்கம். பெண்ணின் அறிவு பெருகும் ஆண்டுகளுக்கு மடத்தின் பெயரை இட்டமை தற்செயலானதன்று. மணப்பருவமாகக் கருதப்பட்ட அவ்வாண்டுகளில்தான் அவள் நடத்தையின் மீதான கட்டுப்பாடு மிகுந்தது.

சிலப்பதிகாரம் இதற்கு இருவகைச் சான்று தருகிறது. மணம் செய்விக்கப்பட்டபோது கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. மாதவியோ ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் அரங்கேறுகிறாள். ஒரே வயதில் ஒருத்திக்கு இல்லறம் தொடங்குகிறது. மற்றொருத்திக்கு முறையான கல்வி நிறைவுறுகிறது. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது இருவர்தம் இயற்கையறிவு அன்று. பிறந்த குலம் வகுத்த வழியே.

மாற்றுருவில் கற்றவர்கள்

மணிமேகலைக் காப்பியத்தின் மந்திரங்கொடுத்த காதையில் இவ்வாய்வுக்கு இன்றியமையாத ஓரிடம் உள்ளது. பிற சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியப் போவதை முன்னுரைக்கும் தெய்வம், அவள் இளையவள், பெண் என்பதால் அவர்கள் தம் நூற்பொருளை உரைக்கமாட்டார் எனக் கூறி, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அளிக்கிறது. அவ்வாறே அவள் வஞ்சி மாநகரில் மாதவன் வடிவு தாங்கிச் சமயக் கணக்கர் பதின்மரின் திறம் கேட்கிறாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாக அவர்கள் உரைத்ததைக் கேட்பதோடு அவள் அமையவில்லை. காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்ட பூதவாதியிடம், தன் தாய் தந்தையரைக் கருத்தளவையாலன்றி வேறு எவ்வாறு அவன் அறிந்தான் என்று வினவி மடக்குகிறாள்.

வேற்றுரு மணிமேகலையின் அறிவை மிகுவிக்கவில்லை. அது மாற்றியது அவளை நோக்குவோரின் பார்வையை மட்டுமே. இளமை, பெண்மை என்னும் இரு தடைகளும் உருவத்தால் நீங்கியவுடன், முன்பே அவளிடம் இருந்த கேள்வித்திறமும் மறுப்புத்திறமும் வெளிப்படுகின்றன. ஏற்றதை விடாமையாகிய மடத்திற்கு மாறாக, ஏற்கும் முன் ஆராயும் அறிவைச் சாத்தனார் இவ்விடத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு அளித்துள்ளார்.

இதே உத்தி பல நூற்றாண்டுகளுக்குப் பின் 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இடம்பெறுகிறது. ஆண் வேடம் பூண்ட ஞானாம்பாள் விக்கிரமபுரியின் அரசாட்சியை ஏற்று நீதி வழங்குகிறாள். பெண்கல்வியை வலியுறுத்திப் பெண்மதி மாலை எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. அவர் தம் கதைத்தலைவியின் ஆட்சித்திறனைக் காட்டுவதற்கும் ஆணுடை தேவைப்பட்டது. காப்பியக் காலத்துக்கும் அச்சுக் காலத்துக்கும் இடையே பெண்ணறிவு பற்றிய ஐயம் எவ்வளவு குறைந்தது என்பதற்கு இவ்வொற்றுமை ஓர் அளவுகோலாகும்.

அளவீடும் அளக்கப்பட்டோரும்

உருவத்தைக் காணாமல் அறிவை மட்டும் அளக்க முடியும் என்னும் நம்பிக்கையுடன் தோன்றியது நுண்ணறிவுச் சோதனை. பல்வேறு அறிவுப் பணிகளுக்கும் பொதுவான ஒரு காரணி உண்டு என்பதைச் சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் முன்வைத்தார். 1905இல் பிரான்சில் பினேயும் சிமோனும் முதல் அளவுகோலை அமைத்தனர். அதனை அமெரிக்கச் சூழலுக்கு ஏற்ப 1916இல் திருத்தியமைத்த லூயிஸ் டெர்மன், பெரும்பாலான வயதுகளில் சிறுமியர் சிறுவரைவிடச் சற்றே முன்னிற்பதைக் கண்டு, அவ்வேறுபாடு நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதன்று எனக் கருதினார். பதினான்காம் வயதில் மட்டும் சிறுவர் முந்தியதற்கு, அறிவுமிக்க சிறுமியர் முன்னரே உயர்வகுப்புக்குச் சென்றுவிட்டமையைக் காரணமாகக் காட்டினார். வகுப்பறையில் எஞ்சியிருப்போரைக் கொண்டு ஒரு பாலினம் முழுவதையும் மதிப்பிடலாகாது என்னும் நெறி அப்போதே உணரப்பட்டது.

இந்நெறிக்கு முற்றிலும் இயைந்த ஆய்வு ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது. 1921இல் பிறந்து பள்ளியில் பயின்ற ஏறத்தாழ எல்லாச் சிறார்க்கும் 1932 சூன் முதல் நாளில் ஒரே சோதனை நடத்தப்பட்டது. பங்கேற்றோர் 87,498 பேர். இயன் டியரியும் குழுவினரும் 2003இல் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது சிறுமியரின் சராசரி 100.64 எனவும் சிறுவரின் சராசரி 100.48 எனவும் அமைந்தன. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளற்றது. ஆனால் திட்டவிலக்கம் சிறுவரிடையே 14.9, சிறுமியரிடையே 14.1 என இருந்தது. அதாவது மிக உயர்ந்த மதிப்பெண்ணிலும் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணிலும் சிறுவர் சற்று மிகுதியாக இருந்தனர். சராசரியின் நிகர்மையையும் பரவலின் வேறுபாட்டையும் ஒருசேர ஏற்பதே நேரிய ஆய்வு நெறியாகும்.

இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. சந்திரமோகன் பாட்டியா அமைத்து 1955இல் வெளிவந்த செயல்முறை நுண்ணறிவுச் சோதனைத் தொகுதி இந்நாட்டுச் சூழலுக்கென உருவான முன்னோடிக் கருவிகளுள் ஒன்று. எழுத்தறிவற்றோரையும் அளக்க வேண்டும் என்னும் உயரிய நோக்கம் அதற்கு இருந்தது. அதன் அளவுநெறிகள் 11 முதல் 16 வயது வரையிலான 1,154 பேரைக் கொண்டு வகுக்கப்பட்டன. அவருள் 642 பேர் எழுத்தறிவு பெற்றோர். 512 பேர் பெறாதோர். அனைவரும் சிறுவர். எழுத்தறியாத சிறுவனைத் தேடிச் சென்ற அளவீடு சிறுமியைத் தேடிச் செல்லவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களின் எழுத்தறிவு 8.86 விழுக்காடும் ஆண்களின் எழுத்தறிவு 27.16 விழுக்காடுமாக இருந்தமையை நோக்கின், அக்காலத்தில் பள்ளிவழிச் சிறுமியரைத் திரட்டுதல் எளிதன்று என்பது விளங்கும். எனினும் விளைவு ஒன்றே. மங்கைப் பருவத்தையும் மடந்தைப் பருவத்தின் முற்பகுதியையும் உள்ளடக்கிய வயதுகளுக்கான அளவுநெறி, அப்பருவத்துப் பெண் ஒருத்தியும் இல்லாமலே வகுக்கப்பட்டது. சமயக் கணக்கர் முன் மணிமேகலை தன் உருவில் நிற்க இயலாமையோடு இது ஒப்புநோக்கத் தக்கது.

பதினாறு வயது குறித்த கோட்பாடும் அதன் குறைகளும்

சிறுவர் சிறுமியர் நிகர்மையை ஏற்றுக்கொண்டு, அந்நிகர்மை வளரிளம் பருவத்தின் இடையில் முடிவுறுகிறது என வாதிட்டவர் ரிச்சர்டு லின். 1994 முதல் அவர் வலியுறுத்திய வளர்ச்சிக் கோட்பாட்டின்படி, பெண்கள் விரைந்து முதிர்வதால் பதினைந்து வயது வரை ஆண்களுக்கு நிகராகத் தோன்றுகின்றனர். அதன்பின் ஆண்களின் வளர்ச்சி நீடிப்பதால் வளர்ந்த பருவத்தில் ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து நுண்ணறிவுப் புள்ளிகள் அவர்க்கு மிகுதியாகின்றன. 2004இல் பால் இர்விங்குடன் இணைந்து, ரேவன் வடிவச் சோதனை முடிவுகளைத் தொகுத்து இதற்கு ஆதரவு தேடினார். 2006இல் ரஷ்டனும் ஜாக்சனும் அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வெழுதிய 17, 18 வயதினர் ஒரு லட்சம் பேரின் மதிப்பெண்களைக் கொண்டு ஆண்களுக்கு 3.63 புள்ளிகள் மிகுதி என்றனர்.

இக்கோட்பாட்டின் முதற்குறை மாதிரி பற்றியது. கல்லூரி செல்ல விரும்புவோர் மட்டுமே எழுதும் தேர்வு அவ்வயதினர் அனைவரையும் பதிலிப்பதாகாது. அத்தேர்வைப் பெண்கள் மிகுதியாக எழுதுகின்றனர். இடைநிலைத் திறனுடைய பெண்களும் தேர்வுக்கு வர, அதே திறனுடைய ஆண்கள் பலர் வராதொழியும்போது, வந்த ஆண்களின் சராசரி உயர்ந்து தோன்றும். இதனோடு ஆண்களிடையே பரவல் சற்று மிகுதி என்பதையும் சேர்த்தால், தகுதியால் வடிகட்டப்பட்ட குழுக்களில் ஆண் சராசரி சிறிது உயரும். ஆகவே அத்தகைய குழுக்களில் காணும் இடைவெளி மக்கள்தொகை முழுமைக்கும் உரியதெனக் கொள்ளுதல் தருக்கப் பிழையாகும். லின், இர்விங் இருவரும் பல்கலைக்கழக மாணவர் பற்றி 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வை ஸ்டீவ் பிளிங்கார்ன் நேச்சர் இதழில் மறுத்தார். வேறுபாடு காட்டாத, மிகப் பெரிய மாதிரியைக் கொண்ட மெக்சிகோ ஆய்வுக்கு உரிய எடை தரப்படவில்லை என்பது அவர்தம் கண்டனங்களுள் ஒன்று.

இரண்டாம் குறை ஒரு சோதனையைப் பொது நுண்ணறிவாகவே கொள்வது. ரொபெர்த்தோ கொலோமும் குழுவினரும் 2000இல் ஸ்பெயின் நாட்டுத் தரவுகளில் பல்வேறு சோதனைகளின் பொதுக்காரணியைப் பிரித்தெடுத்து நோக்கியபோது, அதில் பால் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

மூன்றாம் குறை காலத்தைக் கருதாமை. ஜேம்ஸ் ஃபிளின்னும் லிலியா ரோசி-காசேயும் 2011இல் அர்ஜென்டினா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, எஸ்தோனியா ஆகிய நாடுகளின் ரேவன் சோதனைத் தரவுகளை ஆராய்ந்து, நவீனக் கல்வி வாய்ப்பைப் பெற்ற பெண்கள் ஆண்களுக்கு நிகராக விளங்குவதை எடுத்துக்காட்டினர். பள்ளியில் தொடர்வோரை மட்டும் அளக்கும்போது ஏற்படும் பிறழ்வையும் அவர்கள் சுட்டினர். 1916இல் டெர்மன் உணர்ந்த நெறியே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நினைவூட்ட வேண்டியதாயிற்று. லின்னின் இனம், பால் குறித்த கருத்துகள் கடுமையாக எதிர்க்கப்பட்டு, 2018இல் அல்ஸ்டர் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்திருந்த தகைசால் பேராசிரியர் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆயினும் அவர் கோட்பாட்டை மறுப்பதற்கு அந்நிகழ்வு காரணமாகாது. மேற்கூறிய சான்றுகளே காரணமாகும்.

வேறுபாடுகள் அறவே இல்லையெனக் கூறுதலும் உண்மைக்குப் புறம்பானதே. வாசிப்பிலும் எழுத்திலும் பெண்களும், முப்பரிமாண வடிவங்களை மனத்துள் சுழற்றிக் காண்பதில் ஆண்களும் சராசரியில் முன்னிற்பதைப் பல ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஒரு சோதனையில் எவ்வகை வினாக்கள் எத்துணை இடம்பெறுகின்றன என்பதைப் பொறுத்து மொத்த மதிப்பெண் ஒரு பக்கம் சாயக்கூடும். சோதனை அமைப்போர் இரு பாலார்க்கும் இடையே மிகு வேறுபாடு காட்டும் வினாக்களை நீக்கியதும் உண்டு. ஆதலால் மொத்த மதிப்பெண்ணின் நிகர்மையை மட்டும் கொண்டு நிகர்மையை நிறுவுதலும் எச்சரிக்கையுடன் செய்யத்தக்கதே.

மறைக்கக் கற்றல்

மடத்தின் மூன்றாம் பொருளுக்கு அண்மைக்கால ஆய்வொன்று எதிர்பாராத விளக்கம் தருகிறது. லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆந்திரேய் சிம்பியன் ஆகியோர் 2017இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஐந்து வயதுச் சிறுமியர் பேரறிவு தம் பாலார்க்கு உரியதெனச் சிறுவர்க்கு நிகராகவே கருதினர். ஆறு, ஏழு வயதில் அவ்வெண்ணம் சிறுமியரிடம் குறைந்தது. மிகுந்த அறிவுடையோர்க்கானது எனக் கூறப்பட்ட விளையாட்டில் அவர்களின் நாட்டமும் குறைந்தது. அதே வயதில் பள்ளி மதிப்பெண்ணில் சிறந்தோர் யாவர் எனக் கேட்டபோதோ, அவர்கள் தம் பாலாரைச் சுட்டத் தயங்கவில்லை. பெறும் மதிப்பெண்ணை அறிந்திருந்தும் அதனை அறிவாக எண்ணாதிருக்கும் இம்மனநிலை, பேதைப் பருவத்துக்குள்ளேயே தோன்றிவிடுகிறது. இது தமிழ்ச் சிறுமியர் பற்றிய ஆய்வன்று. எனினும் மடம் எனும் வரம்பு தமிழ்மரபுக்கு மட்டும் உரியதன்று என்பதையும், அது கற்பிக்கப்படுவது என்பதையும் இவ்வாய்வு உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தொல்காப்பியம் பெண்பாற்கு அறிவை உரிமையாக்கியும் ஏழைமையை விலக்கியும் கூறுதலின், மடத்திற்கு அறிவின்மை எனப் பொருள் கொள்ளுதல் அந்நூலோடே முரணும். மடம் அறிவின் அளவைக் குறிப்பதன்று; அறிவு வெளிப்படுதற்கு இடப்பட்ட வரம்பைக் குறிப்பது. மணிமேகலையும் ஞானாம்பாளும் வேற்றுரு ஏற்றமை, தடை அறிவில் இல்லை, அறிவைக் காண்போர் பார்வையில் உள்ளது என்பதைப் புலப்படுத்துகிறது. நுண்ணறிவு அளவீட்டில் மக்கள்தொகை முழுமையையும் தழுவிய சான்று சிறுவர் சிறுமியர் சராசரி நிகர்மையைக் காட்டுகிறது. பதினாறு வயதிற்குப் பின் இடைவெளி தோன்றும் என்னும் கோட்பாடு, யாரை அளந்தோம் என்னும் வினாவுக்கு நிறைவான விடை தரவில்லை.

உயர்நிலை வகுப்புகளில் நாற்பண்புகளைக் கற்பிக்கும் தமிழாசிரியர், பொருளியல் நூற்பாவையும் மெய்ப்பாட்டியல் நூற்பாக்களையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும். மடம் என்பதற்கு அறியாமை என ஒரு சொல்லில் பொருள் எழுதி நகரும் ஒவ்வொரு முறையும், அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் பதினான்கு வயது மாணவி தன்னைப் பற்றிய ஒரு பிழையான செய்தியைப் பெறுகிறாள். ஏற்றதை விடாது பற்றுமாறு அவளிடம் எதிர்பார்க்கும் சமூகத்தில், அச்செய்தியையும் அவள் எளிதில் விடமாட்டாள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.